இறால் தீவனம் எடுக்கலையா? பாட்டிலைத் திறப்பதற்கு முன் பார்க்க வேண்டியவை

இறால் தீவனத்தைச் சரியாக எடுக்கவில்லை என்றால் நம்ம பக்கம் முதலில் ஓடுவது கடைக்குத்தான். வேதாரண்யம், தரங்கம்பாடி, திருமுல்லைவாசல், பழையாறு, எந்த ஊராக இருந்தாலும் இறால் மருந்துக் கடை அலமாரியில் இறாலை இழுக்க அட்ராக்டன்ட், பசியைத் தூண்ட அப்பிடைசர், குடலுக்குக் கட் ப்ரோ, கல்லீரலுக்கு லிவர் டானிக் என்று பாட்டில்கள் வரிசையாக நிற்கின்றன. விற்கிற தம்பி ஒன்றை எடுத்து மூடியைத் திறந்து மூக்குக்கு நேரே நீட்டுவார். "மோந்து பாருங்கண்ணே, வாசம் ஆளைத் தூக்கும்." தூக்கத்தான் செய்கிறது. ஆனால் மோந்து பார்த்தது நாம். சாப்பிடப் போவது தண்ணிக்குள் நாலடி ஆழத்தில் கிடக்கிற வனாமி இறால். தண்ணீரில் கரைந்து வருவதைத்தான் அதனால் மோப்பம் பிடிக்க முடியும். நம் மூக்கைத் துளைக்கிற சரக்கு தண்ணீரில் கரையாவிட்டால் அதற்கு அது இருந்தும் ஒன்றுதான், இல்லாமலும் ஒன்றுதான்.

இதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் எதை வாங்கலாம், எதை வீட்டிலேயே செய்யலாம், எதற்குக் காசு போடவே வேண்டாம் என்று தானாகப் பிரிந்துவிடும். மொத்தச் செலவில் பாதி, சில சமயம் அதற்கு மேலும், தீவனத்துக்கே போகிற தொழில் இது. அந்தத் தீவனத்தை இறால் வாயில் சேர்ப்பதற்கு மேலும் ஒரு செலவு செய்யப் போகிறோம் என்றால் கொஞ்சம் யோசித்துச் செய்வதில் தப்பில்லை.

இறால் எப்படிச் சாப்பிடுகிறது என்று உட்கார்ந்து பார்த்திருக்கிறீர்களா? அகலமான கண்ணாடிப் பாத்திரத்தில் குட்டைத் தண்ணீரை ஊற்றி நாலைந்து இறாலை விட்டு, அவை அடங்கியதும் ஒரு ஓரமாக இரண்டு பெல்லட் (தீவனக் குருணை) போட்டுப் பாருங்கள். தலைக்கு முன்னால் நீளமாகப் போகிற பெரிய மீசை தடவிப் பார்க்கிற வேலைக்கு. அதற்கு உள்பக்கம் குட்டையாக, ஒவ்வொன்றும் இரண்டாகப் பிரிந்த சின்ன மீசை ஒரு ஜோடி இருக்கும். மோப்பம் அதில்தான். பெல்லட் ஊறி அதிலிருந்து கரைவது அந்தப் பக்கம் வந்து சேர்ந்ததும் சின்ன மீசை படபடவென்று துடிக்கும், இறால் மெதுவாக நகர ஆரம்பிக்கும், ஆனால் நேராகப் போகாது, கொஞ்சம் போகும், தவறும், திரும்பும், காலால் தரையைத் தட்டித் தட்டித் தேடும். முன்னால் இருக்கிற மூன்று ஜோடிக் கால்களின் நுனியில் சின்னதாகக் கிடுக்கி இருக்கிறது. அந்தக் காலுக்கும் ருசி தெரியும், வாயைச் சுற்றி இருக்கிற உறுப்புகளுக்கும் தெரியும். பெல்லட்டைத் தூக்கி வாயில் வைத்துத் திருப்பித் திருப்பிக் கொறிக்கும். பிடிக்காவிட்டால் போட்டுவிட்டுப் போய்விடும், அதையும் அந்தப் பாத்திரத்திலேயே பார்க்கலாம்.

ஆக இரண்டு கட்டம். முதலில் தேடி வரவைக்க வேண்டும், அப்புறம் வந்தது தின்று முடிக்க வேண்டும். முதல் கட்டத்துக்கு வேலை செய்வது தண்ணீரில் சட்டென்று கரைகிற சின்னச் சின்னப் பொருட்கள்: கிளைசின், அலனின் போன்ற அமினோ அமிலங்கள், டாரின், பீட்டைன், அப்புறம் மீன் இறைச்சியில் இருக்கிற நியூக்ளியோடைடுகள். கணவாய், மட்டி, இறால் தலை, இறால் போன்ற குட்டிக் கடலுயிரான கிரில் ஆகியவற்றில் இவை இயற்கையாகவே நிறைய உண்டு. தீவனக் கம்பெனிகள் கணவாய் ஈரல் தூள், மீன் கரைசல் எல்லாம் சேர்ப்பது இதற்காகத்தான். மீன்தூள் விலை ஏற ஏற சோயாவின் பங்கு கூடிக்கொண்டே போகிறது, சோயாவுக்கு இந்த இழுப்பு கிடையாது. அதனால்தான் சில மலிவுத் தீவனத்தில் புரதம் சரியாக இருந்தும் இறால் ஏனோதானோ என்று எடுக்கிறது. இரண்டாவது கட்டத்தில் பெல்லட்டின் பதமும் கொழுப்பின் ருசியும் கொஞ்சம் சேர்ந்துகொள்ளும். எண்ணெய்க்கு வேலை இருந்தால் இங்கேதான்.

கரைகிற பொருள் கரைந்து போய்விடும் என்பதும் நினைவிருக்கட்டும். தீவனம் தண்ணீரில் விழுந்த முதல் அரை மணி, ஒரு மணி நேரத்துக்குள் இழுக்கிற சரக்கில் பெரும்பங்கு வெளியேறிவிடுகிறது. இரண்டு மணி நேரம் கழித்துப் பெல்லட் முழுசாகக் கிடக்கலாம், கையில் எடுத்தால் உடையாமலும் இருக்கலாம், ஆனால் அதில் கூப்பிடுகிற குரல் போயிருக்கும். அதனால் போட்ட கொஞ்ச நேரத்துக்குள் இறாலும் தீவனமும் ஒன்றையொன்று சந்திக்கும்படி செய்வதுதான் எந்தப் பாட்டிலையும் விடப் பெரிய அட்ராக்டன்ட்.

முதலில், ஏன் எடுக்கவில்லை?

பசியில்லாத இறாலுக்கு எதைத் தடவிக் கொடுத்தாலும் ஏறாது. பாட்டில் வாங்குவதற்கு முன் இதைப் பார்த்துவிடுங்கள்.

ஆக்ஸிஜன்தான் முதல் சந்தேகம். விடியற்காலையில் அளந்து பாருங்கள், லிட்டருக்கு 4 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் இறால் மந்தமாகிவிடும், 3-க்குக் கீழே போனால் தீவனத்தை மறந்துவிடலாம். ஆறு மணிக்கே முதல் தீவனம் வீசுகிற பழக்கம் நிறையப் பேருக்கு இருக்கிறது. இரவெல்லாம் பாசி மூச்சுவிட்டு ஆக்ஸிஜனைக் குறைத்து வைத்திருக்கிற நேரம் அது, கொஞ்சம் வெயில் ஏறவிட்டுப் போட்டால் அதே தீவனத்தை அதே இறால் நன்றாக எடுப்பதைப் பார்க்கலாம். மேகமூட்டமான நாளில் பகலிலும் இதே பிரச்சினைதான்.

அடுத்தது சூடு. வனாமிக்கு 28 முதல் 32 டிகிரி வரை சுகம். கத்திரி வெயிலில் மதியம் தண்ணீர் 33, 34-ஐத் தொடுகிறது என்றால் அந்த வேளைத் தீவனத்தைக் குறைத்துவிட்டு, காலையிலும் சாயங்காலமும் கூட்டிக்கொள்வது புத்திசாலித்தனம். மார்கழி, தை விடியலில் 25, 26-க்கு இறங்கினால் சாப்பாடு தானாகச் சுருங்கும். அது வியாதி இல்லை, குளிர்.

சட்டை உரிப்பு. உரிக்கிற நேரத்திலும் அதற்கு முன்பின் சில மணி நேரமும் இறால் வாய் வைக்காது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டித் தீவனத்தைக் குறைக்கிற வழக்கம் நம்ம பண்ணைகளில் எல்லோருக்கும் உண்டு, மோசமில்லை, ஆனால் காலண்டரை மட்டும் நம்பாதீர்கள். செக் ட்ரேயில் (தீவனம் வைத்துக் குட்டையில் இறக்கிப் பார்க்கிற தட்டு) தொப்பி தொப்பியாகச் சட்டை கிடக்கிறதா, காற்று ஒதுக்குகிற மூலையில் வெள்ளையாக மிதக்கிறதா என்று பாருங்கள். கிடந்தால் ஒரு நாள் குறைத்துப் போட்டு, மினரல் கவனித்து, மறுநாளிலிருந்து ஏற்றுங்கள். உரித்து ஓடு கெட்டியான இறால் பசியோடு வரும், அப்போது யாரும் அதைத் தூண்ட வேண்டியதில்லை.

அடித்தரை கறுத்து, காலால் கிளறினால் அழுகின முட்டை நாற்றம் வருகிறதா? அந்த இடத்தில் போய் விழுகிற தீவனத்தை இறால் தொடாது. அங்கே நிற்கவே அதற்குப் பிடிக்காது.

கடைசியாகக் குடல். வீச்சு வலையை இரண்டு தடவை போட்டு இறாலை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள், முதுகோடு ஓடுகிற கோடு எல்லாக் கதையையும் சொல்லும். தீவனத்தின் பழுப்பு நிறத்தில் நிறைந்து இருந்தால் சாப்பிடுகிறது, விட்டுவிடுங்கள். கறுப்பாக இருந்தால் அடிச்சேற்றை மேய்கிறது, அதாவது தீவனம் போதவில்லை அல்லது அதற்குக் கிடைக்கவில்லை. பச்சையாக இருந்தால் பாசி. இளஞ்சிவப்பாக இருந்தால் செத்த இறாலைத் தின்கிறது, உடனே உஷாராகுங்கள். வெளுத்துப் போய், விட்டுவிட்டு இருந்து, தண்ணீர் மேல் வெள்ளை நூல் போலக் கழிவும் மிதந்தால் அது வெள்ளைக் கழிவு நோய், பின்னால் ஈ.எச்.பி. என்கிற நுண்ணுயிரி இருக்கலாம். அதற்கு அட்ராக்டன்ட் ஊற்றுவது வீண்செலவு மட்டுமல்ல, தின்னாத தீவனத்தை மேலும் மேலும் போட வைத்துத் தண்ணீரையும் கெடுக்கும். பிசிஆர் பரிசோதனை செய்துவிட்டு அடுத்ததை யோசியுங்கள். நம்ம பக்கத்திலேயே நாகப்பட்டினத்தில் மீன்வளப் பல்கலைக்கழகம் இருக்கிறது, சென்னையில் சிபா (மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு நிறுவனம்) இருக்கிறது. கடைக்காரரிடம் கேட்பதற்கு முன்னால் அங்கே கேளுங்கள்.

மூட்டையிலேயே போன வாசம்

இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை, அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். கம்பெனிக்காரன் நல்ல கணவாய்ச் சரக்கும் மீன் எண்ணெயும் போட்டுத்தான் அனுப்புகிறான் என்று வைத்துக்கொள்வோம். அந்த மூட்டை நம்ம பண்ணை ஷெட்டுக்கு வந்ததும் என்ன ஆகிறது? மேலே தகர ஷீட்டு, சுற்றிலும் உப்புக்காற்று, தரை சிமெண்டு. சித்திரையில் அந்தத் தகரத்துக்கு அடியில் மத்தியானம் ஒரு மனுஷன் பத்து நிமிஷம் நிற்க முடியாது, மூட்டை மாதக்கணக்கில் நிற்கிறது. மீன் எண்ணெய் சூட்டில் காறிப்போகும். காறின எண்ணெயை இறால் விரும்பாது, தின்றாலும் அதன் கல்லீரலுக்கு ஆகாது. ஐப்பசியில் மழை பிடித்தால் அதே ஷெட்டில் தீவனம் நமுத்து, கட்டி கட்டியாகிப் பூஞ்சை பிடிக்கும். பூஞ்சை பிடித்ததை வெயிலில் காயவைத்துப் போடுகிறவர்களும் இருக்கிறார்கள், தயவு செய்து வேண்டாம், விஷம் காய்ந்து போகாது.

செய்ய வேண்டியது ரொம்ப எளிது. தரையில் படாமல் மரச் சட்டத்தின் மேல் அடுக்குங்கள், சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி வையுங்கள், தகரத்துக்கு அடியில் தென்னங்கீற்று வேய்ந்தால் சூடு நன்றாகவே குறையும், கீற்றுக்கு நம்ம ஊரில் பஞ்சமில்லை. தயாரித்த தேதியைப் பார்த்து வாங்குங்கள், மூன்று மாதத்துக்குள் காலி பண்ணுகிற அளவுக்கு மட்டும் எடுங்கள். முதலில் வந்த மூட்டை முதலில் போகட்டும். தள்ளுபடி என்று மொத்தமாக இறக்கிக்கொண்டு, கடைசி மாதத்தில், அதாவது இறால் அதிகம் தின்ன வேண்டிய மாதத்தில், பழைய தீவனத்தைப் போட்டுவிட்டு அட்ராக்டன்ட் தேடுவதில் அர்த்தம் இல்லை.

பிரித்த மூட்டையில் கை விட்டு ஒரு பிடி எடுங்கள். தூள் நிறைய ஒட்டினால் அது இறாலுக்குப் போகாது, தண்ணீருக்கு உரமாகத்தான் போகும், சலித்துவிட்டுப் போடுங்கள். கண்ணாடி டம்ளரில் குட்டைத் தண்ணீர் ஊற்றிப் பத்துப் பெல்லட் போட்டு, அரை மணி கழித்து லேசாகச் சுற்றிவிடுங்கள். உருக்குலையாமல் மெத்தென்று ஊறியிருந்தால் நல்லது. அதற்குள் கரைந்து சேறானாலும் தப்பு, கல்லு மாதிரி அப்படியே இருந்தாலும் தப்பு. கல்லாக இருந்தால் உள்ளே இருக்கிற வாசம் எப்படி வெளியே வரும்?

எங்கே வீசுகிறோம்

தண்ணீரில் காற்றைக் கலக்குகிற ஏரேட்டர் சுற்றுகிற குட்டையில் கசடு எல்லாம் நடுவில் போய்க் குவியும், ஓரத்தை ஒட்டின வளையம் சுத்தமாக இருக்கும். தீவனம் விழ வேண்டியது அந்தச் சுத்தமான வளையத்தில். தெர்மோகோல் மிதவையில் நின்றுகொண்டு கயிற்றைப் பிடித்து இழுத்தபடி வீசுகிற ஆள் அவசரக்காரராக இருந்தால் ஒரே இடத்தில் கொட்டிவிட்டு அடுத்த குட்டைக்குப் போய்விடுவார். பெரிய இறால் அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும், சின்னது ஒதுங்கிவிடும், பிடிப்பு நாளில் கவுண்ட் (கிலோவுக்கு எத்தனை இறால் என்ற கணக்கு) ஒன்றுக்கொன்று ஒத்துவராமல் வியாபாரி விலையைக் குறைக்கும்போதுதான் இது தெரியும். பரவலாக, காற்று வருகிற பக்கத்திலிருந்து காற்றோடு சேர்த்து வீச வேண்டும். கொண்டல் (கீழ்க்காற்று) அடிக்கிற மாதங்களில் ஒரு கரை, கச்சான் (மேல்காற்று) அடிக்கும்போது வேறு கரை. கடலுக்குப் போகிறவர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை, பண்ணை ஆட்களுக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஆக்ஸிஜன் நன்றாக இருந்தால் தீவனம் வீசுகிறபோதும் அதன் பிறகு அரை மணி நேரமும் அந்தப் பக்கத்து ஏரேட்டரை நிறுத்தி வைக்கலாம், பெல்லட் அடித்துக்கொண்டு கசடுக்குப் போகாது. நெருக்கமாக விட்ட குட்டையில் எல்லாவற்றையும் நிறுத்துவது ஆபத்து, ஒன்றிரண்டை மட்டும் நிறுத்துங்கள்.

குஞ்சு விட்ட புதிதில் தூள் தீவனத்தை அப்படியே வீசினால் பாதியைக் காற்று தின்றுவிடும். ஒரு வாளியில் குட்டைத் தண்ணீர் கொஞ்சம் தெளித்துப் பிசிறி, ஈரமாக்கிக் கரையோரமாகப் போடுங்கள். அந்த வயதில் குஞ்சு கரையை ஒட்டித்தான் சுற்றும், அதன் முக்கால் சாப்பாடு தண்ணீரில் இருக்கிற உயிர்கள்தான், ஆகவே தண்ணீர்க் கலரைச் சரியாக வைத்திருப்பது முதல் மூன்று வாரத்துக்கு எந்த அட்ராக்டன்டையும் விட மேல். தவிடு, வெல்லம், ஈஸ்ட் சேர்த்து ஊறவைத்து ஊற்றுகிற பழக்கம் அதற்காகத்தான். சிபா நிறுவனமே மீன் சந்தைக் கழிவிலிருந்து 'பிளாங்க்டன் பிளஸ்' என்று ஒரு சரக்கைச் செய்தது, அதுவும் இதே வேலைக்கு.

ஒரே நாளைக்குப் போடுகிற அளவை இரண்டு வேளையில் கொட்டுவதைவிட நாலு வேளையாகப் பிரித்துப் போடுங்கள். வனாமியின் குடல் சின்னது, ஒன்றரை மணி நேரத்துக்குள் காலியாகிவிடும், மறுபடி பசிக்கும். ஒவ்வொரு வேளையும் புதுத் தீவனம், புது வாசம். ஆட்டோ ஃபீடர் வைத்தவர்கள் நன்றாக எடுக்கிறது என்று சொல்வதன் ரகசியமும் இதுவே.

கலக்கித் தருவது என்றால்

மேலே சொன்னதெல்லாம் சரியாக இருக்கிறது, இருந்தும் கொஞ்சம் தூண்டிவிட வேண்டியிருக்கிறது என்று சில சந்தர்ப்பம் வரும். மழைக்குப் பிறகு மந்தமாகிக் கிடக்கிறது. சோயா அதிகமான தீவனத்துக்கு மாற்றியிருக்கிறோம். ப்ரோபயாட்டிக், மினரல், பூண்டு ஏதாவது தீவனத்தில் கலந்து கொடுக்கும்போது அதன் கசப்பும் புது ருசியும் பிடிக்காமல் இறால் தயங்குகிறது. இப்படிப்பட்ட சமயத்துக்குக் கலவை உதவும். எல்லா நாளும் எல்லா வேளையும் தேவையில்லை, நாலில் ஒரு வேளை, இரண்டு வேளை போதும்.

வீட்டிலேயே செய்ய நல்லது கணவாய்க் கழிவுக் கஞ்சி. நாகப்பட்டினம், பழையாறு துறைமுகத்தில் கணவாய் சுத்தம் செய்கிற இடத்தில் தலை, தோல், குடல் கிடைக்கும். புதிதாக, ஐஸில் இருந்ததாகப் பார்த்து எடுங்கள், நாறினது வேண்டாம். மை பையை எடுத்துவிட்டு நன்றாகக் கழுவி, பொடியாக வெட்டி, ஒரு கிலோவுக்கு இரண்டு லிட்டர் நல்ல தண்ணீர் ஊற்றி, அரை மணி நேரம் தளதளவென்று கொதிக்கவிடுங்கள். சுண்டி ஒரு லிட்டருக்கு வரும்போது வடிகட்டுங்கள். நமக்கு வேண்டியதெல்லாம் அந்தத் தண்ணீரில் இறங்கிவிட்டது, அமினோ அமிலமும் பீட்டைனும் டாரினும் கொதித்தால் கெட்டுப்போகிறவை அல்ல. கணவாய் கிடைக்கவில்லையா, கொள்ளிடம் முகத்துவாரத்துப் பக்கம் கிடைக்கிற மட்டிச் சதையை வைத்தும் இப்படியே செய்யலாம்.

வடித்த சாற்றை மறுபடி அடுப்பில் வைத்து, மரவள்ளி மாவு முப்பது நாற்பது கிராம் எடுத்துப் பச்சைத் தண்ணீரில் கரைத்து ஊற்றிக் கிளறுங்கள். கூழ் மாதிரி கெட்டியாகக் கூடாது, கரண்டியில் எடுத்து ஊற்றினால் நூலாக இறங்குகிற பதம். இந்த மாவுதான் பைண்டர், அதாவது சாற்றைப் பெல்லட்டோடு ஒட்டவைப்பது. கடையில் ஜெல் வாங்கினால் அதை ஆறின சாற்றில் லேபிளில் போட்ட அளவுக்குக் கலந்துகொள்ளலாம். முட்டை வெள்ளையும் நன்றாகவே ஒட்டும். வெல்லப் பாகை நம்பாதீர்கள், தண்ணீர் பட்டதும் முதலில் கரைவது அதுதான்.

ஆறட்டும். சூடாக ஊற்றினால் பெல்லட் ஊதி உடையும். நிழலில், காற்று வருகிற இடத்தில் தார்பாய் விரித்துத் தீவனத்தை இரண்டு விரல் உயரத்துக்குப் பரப்புங்கள். கிலோவுக்கு 60, 70 மில்லி வரை, அதாவது ஒரு லிட்டர் சாறு பதினைந்து கிலோவுக்கு. ஒரேயடியாகக் கொட்டாமல் பூவாளியாலோ கையாலோ தெளித்துத் தெளித்துப் புரட்டுங்கள், ஒவ்வொரு பெல்லட்டும் மினுமினுக்க வேண்டும், கையில் அள்ளிப் பிடித்து விட்டால் உருண்டையாக நிற்காமல் உதிர வேண்டும். உருண்டையாக நின்றால் அதிகம் ஊற்றிவிட்டீர்கள். இருபது முப்பது நிமிஷம் காயவிட்டு, அப்புறம் வேண்டுமானால் மீன் எண்ணெயோ கணவாய் எண்ணெயோ கிலோவுக்கு 10 மில்லி மேலே தெளித்துப் புரட்டுங்கள். வரிசை மாறக் கூடாது: எண்ணெயை முதலில் போட்டால் சாறு ஒட்டாமல் வழியும். சாறு உள்ளே, எண்ணெய் வெளியே என்று இருந்தால் எண்ணெய் மெல்லிய போர்வையாக நின்று சாறு ஒரேயடியாகக் கரைந்து ஓடாமல் கொஞ்சம் பிடித்து வைக்கும். அதற்காக எண்ணெயைத் தாராளமாக ஊற்றினால் போர்வை அடைப்பாகிவிடும், தண்ணீர் மேலும் எண்ணெய் படரும்.

வெயிலில் காயவைக்க வேண்டாம், எண்ணெய் காறும், வைட்டமின் போகும். கலந்ததை அன்றைக்கே போட்டு முடிக்க வேண்டும், மறுநாளைக்கு வைத்தால் புளித்து நூல் விடும். சாறு மிச்சம் இருந்தால் ஃபிரிட்ஜில் இரண்டு நாள் தாங்கும், வீட்டில் அனுமதித்தால்.

பூண்டு பற்றிக் கேட்பவர்கள் அதிகம். கிலோவுக்கு 5 முதல் 10 கிராம் அரைத்து வடிகட்டிக் கலக்கிறார்கள். நான் அதைக் குடலுக்கான சரக்காகத்தான் பார்க்கிறேன், இழுக்கிற சரக்காக இல்லை. பீட்டைன் பவுடர் தனியாகக் கிடைக்கிறது, அது உண்மையிலேயே இழுக்கும், ஆனால் வாங்குகிற தீவனத்திலேயே சேர்த்திருப்பார்கள், தீவனக் கம்பெனி ஆளிடம் கேட்டுவிட்டுச் செலவு செய்யுங்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் கறாராக இருங்கள். பச்சை இறால் தலை, பச்சை நண்டு, பச்சை மட்டி எதையும் அரைத்துத் தீவனத்தில் தடவக் கூடாது. இறால் பாய்ந்து வந்து தின்னும், சந்தேகமில்லை, அதோடு வெள்ளைப்புள்ளி வைரஸும் ஈ.எச்.பி.யும் விருந்தாளியாக வந்து இறங்கும். இறால் தலையை வேகவைத்தும் வேண்டாம் என்பது என் கட்சி. பானையில் போனது வெந்தாலும், வெட்டின பலகை, கழுவின தண்ணீர், கை எல்லாம் பச்சையாகத்தானே இருக்கிறது. இயற்கை விவசாயம் செய்கிறவர்கள் மீன் கழிவும் வெல்லமும் சமமாகப் போட்டு நொதிக்கவிடுகிற மீன் அமிலமும் கொதிக்கவைக்காத சரக்குதான். வயலுக்கு அது நல்லது, வயலோடு நிற்கட்டும்.

வேலை செய்கிறதா என்று எப்படித் தெரியும்

வீட்டுச் சாறோ கடைப் பாட்டிலோ, இதைச் செய்யாமல் நம்பாதீர்கள். ஒரே குட்டையில், ஒரே கரையில், பத்தடி இடைவெளியில் இரண்டு செக் ட்ரே இறக்குங்கள். ஒன்றில் சாதாரணத் தீவனம், இன்னொன்றில் கலந்தது, இரண்டும் ஒரே எடை, தராசில் நிறுத்து. வழக்கமாக ட்ரேயை இரண்டு மணி நேரம் கழித்துத் தூக்குவோம், இதற்கு அப்படிக் காத்திருக்கக் கூடாது, அதற்குள் இரண்டும் காலியாகி வித்தியாசம் மறைந்துவிடும். முப்பது நாற்பது நிமிஷத்தில் இரண்டையும் மெதுவாகத் தூக்குங்கள், சட்டென்று இழுத்தால் இறால் துள்ளிவிடும். எதில் அதிக இறால் நிற்கிறது, எதில் மிச்சம் குறைவு, எதில் நிற்கிற இறாலின் குடல் நிறைந்திருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த வேளை இடத்தை மாற்றிப் போடுங்கள், ஏனென்றால் சில இடத்துக்கு இறால் எப்படியும் வரும், ட்ரே செய்த புண்ணியம் அல்ல. நாலைந்து வேளை இப்படிப் பார்த்தும் வித்தியாசம் தெரியவில்லை என்றால் அந்தச் சரக்கு உங்கள் குட்டைக்குத் தேவையில்லை, எவ்வளவு மணந்தாலும் சரி.

ட்ரேயில் சீக்கிரம் காலியாகிறது என்பதற்காகத் தீவனத்தைத் தாறுமாறாக ஏற்றிவிடாதீர்கள். கலவை போட்ட ட்ரே பக்கத்து இறாலையும் கூட்டிவரும், மொத்தக் குட்டையும் பசியாக இருப்பதுபோல ஒரு தோற்றம் காட்டும். வாரம் ஒருமுறை வலை வீசி எடை எடுத்து, எடை கூடியிருக்கிறதா என்று பார்த்துத்தான் ஏற்ற வேண்டும். எஃப்.சி.ஆர். (இறால் ஒரு கிலோ எடை கூடச் செலவாகிற தீவனக் கிலோ) 1.3-இல் இருந்தது கலவை ஆரம்பித்த பிறகு 1.5-க்குப் போகிறது என்றால் வாசம் இறாலை இழுத்ததோ இல்லையோ, உங்கள் கையை மூட்டைக்குள் இழுத்திருக்கிறது.

கடைப் பாட்டில் வாங்கத்தான் வேண்டும் என்றால் லேபிளைப் படியுங்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதாத பாட்டிலை அங்கேயே வையுங்கள். கடலோர இறால், மீன் வளர்ப்பை ஒழுங்குபடுத்துகிற அரசு அமைப்பான கோஸ்டல் அக்வாகல்ச்சர் அத்தாரிட்டியின் பதிவு இருக்கிறதா என்று கேளுங்கள், ஆன்டிபயாட்டிக் இல்லை என்பதற்கு நமக்கு இருக்கிற பிடிமானம் அதுதான். குளோராம்ஃபெனிகால், நைட்ரோஃபியூரான் வகையெல்லாம் தடை செய்யப்பட்டவை. 'போட்ட மறுநாளே பாயும்' என்று சொல்லி விற்கிற சரக்கில் ஏதாவது இருந்து, பிடிப்புக்கு முந்தைய பரிசோதனையில் மாட்டினால் போவது பாட்டில் விலை அல்ல, குட்டை விலை.

ஐப்பசி, கார்த்திகை

நம்ம காவிரிக் கடைமடைக்கென்று ஒரு தனிக் கவலை இது. வடகிழக்குப் பருவமழை ஒரு ராத்திரி வெளுத்து வாங்கினால் குட்டையின் மேல்தண்ணீர் நல்ல தண்ணீராகி, உப்புத் தண்ணீர் அடியில் தங்கும், இரண்டும் கலக்காமல் அடுக்கடுக்காக நிற்கும், அடியில் ஆக்ஸிஜன் தீரும். மேலே இருக்கிற நல்ல தண்ணீரை மதகில் மேல்பலகை எடுத்து வடியவிடுங்கள், ஏரேட்டரை விடாமல் ஓட்டுங்கள், பி.எச். இறங்கியிருந்தால் சுண்ணாம்பு போடுங்கள். மழை கொட்டுகிறபோது தீவனம் வேண்டவே வேண்டாம். விட்டதும் வழக்கமான அளவில் பாதிக்கும் குறைவாக ஆரம்பித்து, அந்த வேளைக்குக் கணவாய்ச் சாறு கலந்து போட்டுப் பாருங்கள், ட்ரே காலியாவதைப் பார்த்து இரண்டு மூன்று நாளில் பழைய அளவுக்கு வரலாம். என்னைக் கேட்டால் கலவைக்கு வருஷத்தில் உண்மையான தேவை இந்தச் சில நாட்களில்தான். மேட்டூர்த் தண்ணீர் வந்து ஆறுகளில் உப்பு இறங்குகிற சமயத்தில் குட்டைக்குத் தண்ணீர் ஏற்றுகிறவர்களுக்கும் இதே மந்தம் கொஞ்சம் வரும், அங்கேயும் ஒன்றிரண்டு நாள் இதைச் செய்யலாம்.

பிடிப்புக்கு நாள் குறித்த பிறகு கலவையை நிறுத்திவிடுங்கள், கடைசி வாரத்துக்குச் சாதாரணத் தீவனமே போதும். பிடிப்பு நாளன்று வலை இறங்குவதற்குச் சில மணி நேரம் முன்பே அதையும் நிறுத்திக்கொள்ளலாம், குடல் காலியாக இருந்தால் ஐஸில் சரக்கு நன்றாக நிற்கும்.